சாரல் தின்ற சைக்கிளை மீட்பது: ராடு பிரேக் வண்டிக்கு முழுமையான வழிகாட்டி

தமிழக-கேரள எல்லையில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியில் கொல்லைப்புறத்துச் சுவரில் சாத்திக் கிடக்கும் சைக்கிள் துருப்பிடிக்கும் விதமே தனி. கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரல் வந்துகொண்டே இருக்கும். பெரிய மழை என்றால் அடித்து ஓய்ந்துவிடும், வெயிலில் வண்டியும் காய்ந்துவிடும். சாரல் அப்படியில்லை, ஈரம் வண்டிக்குள் இறங்கித் தங்கிவிடும். அதனால் இந்தப் பக்கத்து வண்டியில் மேல்பெயின்ட் பளபளவென்று இருக்க, சீட் குழாயின் அடிப்பகுதி, பெடல் அச்சு ஓடும் கூடு, ரிம்மின் உள்பக்கம், மட்கார்டு கம்பிகளின் கீழ்முனை ஆகியவை உள்ளுக்குள் அரித்திருக்கும். மேலே பார்த்து வாங்கி மேலேயே பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

இங்கே சொல்வது 28 அங்குல வீல், ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக்), கோட்டர் பின் (கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு) வைத்த கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) உள்ள பழைய கறுப்பு வண்டிக்கு. பால் கேனும் தேங்காய் மூட்டையும் சுமந்த டபுள் பார் வண்டிக்கும் இதே முறைதான், கம்பியும் கேரியரும் மட்டும் அதில் கனமாக இருக்கும்.

எந்த வண்டி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

முன்னால் ஹெட் குழாயில் இருக்கும் பித்தளை வில்லையைப் பாருங்கள். மூன்று துப்பாக்கி சாத்தி வைத்த சின்னம் பி.எஸ்.ஏ. நாரையின் தலை ராலே. ராலேயின் பழைய பல்சக்கரத்திலும் நாரைதான் இருக்கும். ஹெர்குலிஸ் முதலில் பர்மிங்ஹாமிலிருந்து கப்பலில் வந்தது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் பிறகு அதை அம்பத்தூரிலேயே செய்தது. அசன்சோலில் செய்தவை சென்-ராலே வண்டிகள். அட்லஸ் 1951-இல் சோனிபட்டில் தொடங்கியது, ஹீரோ 1956-இல் லூதியானாவில்.

இதைத் தெரிந்துகொள்வது பெருமைக்காக மட்டும் இல்லை. பெரும்பாலான வண்டியில் பெடல் அச்சுக் கப்பின் (அச்சு சுழலும் கிண்ணத்தின்) மரை (திருகு வரி) அங்குலத்துக்கு 24. நாட்டிங்ஹாம் ராலே வழிவந்த பிரேம்களில் அது 26. இரண்டு கப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும். மூன்றாவது சுற்றில் இறுகும்போது "துரு அடைத்திருக்கிறது" என்று நினைத்து ஸ்பானர் போட்டுத் திருப்பினால் கூட்டின் மரை போய்விடும். கூடு பிரேமோடு பற்றவைத்தது, அதைக் கழற்றி மாற்ற முடியாது. பாகம் தேடப் போகும்போது பழைய கப்பையும் ஒரு மரை அளவியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலும் மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் வழியில் உள்ள ஆக்ரிக்கடைகளிலும் (அங்கே பழைய சாமான் கடைக்கு அதுதான் பெயர்) பாகங்கள் குவியலாகத்தான் கிடக்கும். எது எந்த வண்டியுடையது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

காசு கொடுக்கும் முன்

முன் போர்க்கை (முன்வீலைப் பிடிக்கும் கவையை) பக்கவாட்டில் நின்று பாருங்கள். எங்கேயாவது மோதிய வண்டி என்றால் ஹெட் குழாய்க்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கி, விரல் வைத்தால் அலைபோலத் தட்டுப்படும். அது வளைந்த பிரேம்.

பிறகு நூல் சோதனை. பின்வீல் மாட்டும் காதில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். 3 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் பிரேமை நிமிர்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் யோசித்து வாங்குங்கள்.

சீட் தண்டும் ஹேண்டில் தண்டும் அசைகின்றனவா என்று பாருங்கள். அசையாத சீட் தண்டு ஒரு வார வேலை வைக்கும், விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். ரிம்மின் உள்பக்கம் டயருக்கு அடியில் இருப்பதால் கடையில் தெரியாது. காற்றை இறக்கி டயரை ஒரு சாண் அளவுக்கு விலக்கி, போக்ஸ் கம்பி ஓட்டைகளைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். செதில் உதிர்ந்தால் துரு, முனை உள்ளே இறங்கினால் ரிம் போச்சு. பிரேம் நம்பரைக் குறித்துக்கொண்டு விற்றவரிடம் ஒரு சீட்டாவது எழுதி வாங்குங்கள். பழைய வண்டிக்கு அதைவிட வேறு ஆதாரம் கிடையாது.

கழற்றும் வேலை

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ராடு பிரேக்கின் இணைப்புகள், மட்கார்டு கம்பியின் வாஷர்கள், செயின் கவரின் கிளிப்புகள். நட்டுகளை அந்தந்த பாகத்தோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய வண்டியின் சின்ன நட்டுகள் பல இன்றைய மில்லிமீட்டர் மரைக்குச் சேராது. ஒன்று தொலைந்தால் ஒரு நாள் போய்விடும்.

ஹேண்டிலை எடுக்கும்போது மேல் போல்ட்டை முழுதும் கழற்றிவிடாதீர்கள். மூன்று சுற்று தளர்த்தி, போல்ட் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் ஓங்கி ஒரு தட்டு. உள்ளே இருக்கும் ஆப்பு இறங்கியதும் ஹேண்டில் கையோடு வந்துவிடும். முழுதும் கழற்றிய பிறகு அடித்தால் ஆப்பு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அசையாத சீட் தண்டுக்கு வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுக் கூட்டின் பக்கமிருந்து துரு இளக்கும் எண்ணெயை விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு பழைய சீட்டையே பிடியாக வைத்து இடமும் வலமும் திருப்ப வேண்டும். இழுக்கக் கூடாது, திருப்பினால்தான் வரும்.

இந்த வண்டியில் அதிகம் கெடுவது கோட்டர் பின். கெடுப்பதும் பெரும்பாலும் நாம்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நட்டை முழுதும் எடுக்காமல் பின்னின் நுனியும் நட்டின் முகமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தளர்த்துங்கள். அடி நட்டின் மேல் விழுந்தால் மரை பிழைக்கும். கிராங்குக்கு அடியில், பின்னின் தலை உள்ளே இறங்க இடம் இருக்கும்படி, ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். குழாயின் உயரம் சரியாக இருக்க வேண்டும், வண்டியின் பாரம் அதன்மேல் உட்கார வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் அதிர்ச்சி முழுதும் பெடல் அச்சின் பால்ஸ் (சின்ன இரும்புக் குண்டுகள்) வழியாகக் கப்பில் இறங்கும். ஒவ்வொரு பால்ஸும் கப்பில் ஒரு குழி போட்டுவிடும். நேற்றுவரை வழுவழுவென்று சுற்றிய அச்சு ஓவராயில் (முழுதும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது) செய்தபின் கரகரக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முந்தின இரவே பின்னைச் சுற்றி எண்ணெய் விட்டு வையுங்கள். ஒரு கிலோ சுத்தியால் ஒரே அடி, நேராக. சின்னச் சுத்தியால் இருபது முறை தட்டுவது பின்னின் நுனியைக் காளானாக்கும், பின் அசையாது. நுனி மடங்கிவிட்டால் அடிப்பதை நிறுத்துங்கள். மரைப் பகுதியை வாளால் அறுத்துவிட்டு, நடுவில் 6 மி.மீ. துளை போட்டால் பின் உள்ளுக்குள் தளர்ந்து வந்துவிடும். புதுப் பின் எப்படியும் வாங்கத்தான் போகிறோம். பெரும்பாலும் 9.5 மி.மீ., பழைய பின்னோடு அளந்து வாங்குங்கள்.

அடுத்து பெடல் அச்சுக் கப்புகள். இடது பக்கக் கப் சாதாரண மரை, மேலே பூட்டு வளையம் இருக்கும். வலது பக்கம், அதாவது செயின் பக்கம், இடம்புரி மரை. அதைக் கழற்றக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். இது தெரியாமல் எதிர்த்திசையில் திருப்பித் திருப்பியே பலர் இறுக்கிவிடுகிறார்கள். வலது கப்பின் உள்பாதை நன்றாக இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். மண்ணெண்ணெய்த் துணியை இடது பக்கமாக விட்டுத் துடைத்தால் போதும். பெடலில் இது தலைகீழ்: இடது பெடல்தான் இடம்புரி.

துரு எடுப்பது

குரோமியம் முலாம் பூசிய பாகங்களுக்கு முதலில் அலுமினியத் தாள். கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேல்துரு கறுப்புக் குழம்பாக வந்துவிடும், முலாமும் கீறாது. எமரி தாளைக் குரோமியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கனமான துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலத் தூள். மார்பிள் பாலிஷ் செய்கிறவர்கள் வாங்கும் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம், பிளாஸ்டிக் தொட்டியில். ரிம், மட்கார்டு, பிரேக் கம்பி போன்றவற்றை முழுதும் மூழ்கும்படி போட்டு 12 மணி நேரம் கழித்துப் பாருங்கள், தேவையானால் இன்னொரு 12 மணி நேரம். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, அன்றைக்கே எண்ணெய் தடவ வேண்டும். மறந்து மூன்று நான்கு நாள் விட்டால் இரும்பின்மேல் மஞ்சள் படிவு ஒட்டிக்கொள்ளும், அது துருவைவிடத் தொல்லை. இந்த அமிலம் விஷம். கையுறை வேண்டும், தூளை மூக்கில் இழுக்கக் கூடாது, குழந்தையும் மாடும் வரும் இடத்தில் தொட்டியைத் திறந்து வைக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய போக்ஸ் கம்பியையும் நட்டையும் இதில் போட்டால் துத்தநாகமும் சேர்ந்து போய்விடும். சீட் ஸ்பிரிங், பால்ஸ், கோன் (பால்ஸை அச்சில் இறுக்கும் கூம்பு நட்) எதையும் அமிலத்தில் போட வேண்டாம். சின்னச் சாமான்களுக்குப் பழம்புளிக் கரைசலே போதும். பித்தளை வில்லைக்கும் அதுதான் நல்லது.

குழாயின் உள்பக்கத்துக்கு மருந்து வேறு. பெயின்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை (கொதிக்கவைத்த வகை) 100 மி.லி. எடுத்து, சீட் குழாய், ஹெட் குழாய், பின்கவடுகளில் உள்ள துளைகள் வழியாக விட்டு, பிரேமைப் பல பக்கமும் திருப்பிச் சாய்த்து, மிச்சத்தை வடிய விடுங்கள். இரண்டு நாளில் உள்ளே தோல்போலப் படிந்து உறைந்துவிடும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள். கூட்டின் அடியில் வடிதுளை இல்லையென்றால் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். சாரல் ஊரில் இதைச் செய்யாத பிரேம் மறுபடி அழுகும்.

ஓவராயில்

பழைய பால்ஸை எண்ணி, அளந்து, தூக்கிப் போடுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் பெரியதாக இருப்பது மட்டுமே பாரம் தாங்கும். வழக்கமான கணக்கு இது:

முன் ஹப் (வீலின் நடுக்குடம்): 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10.
பின் ஹப்: 1/4 அங்குலம், பக்கத்துக்கு 9.
பெடல் அச்சு: 1/4 அங்குலம், பக்கத்துக்கு 11.

ஆக 3/16 இருபதும் 1/4 நாற்பதும், உதிர்ந்து ஓடுவதற்கு நான்கைந்து கூடுதலாகவும் வாங்குங்கள். ஹெட் கப்பில் 5/32 அல்லது 3/16 இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். உள்ளிருந்து வந்ததை அளந்து அதே அளவில் கப்பை நிரப்பி, ஒரு பால்ஸ் அளவுக்கு இடைவெளி விடுங்கள். நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று உரசி ஹேண்டில் கனக்கும்.

கோனின் பாதையில் பால்பாயின்ட் பேனா முனையை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியும் பேனாவுக்குத் தட்டுப்படும். குழி விழுந்த கோனுக்கு எத்தனை கிரீஸ் வைத்தாலும் பயன் இல்லை. கப்பில் கிரீஸை முக்கால் அளவுக்கு நிரப்பி, பால்ஸை அதில் பதித்து, அச்சைச் செருகி, கோனைக் கையால் இறுக்குங்கள். ஆட்டம் நின்றதும் கால் சுற்று பின்னால் தளர்த்திவிட்டு லாக் நட்டை முறுக்க வேண்டும். லாக் நட் இறுகும்போது கோனையும் சேர்த்து இழுக்கும், அதற்குத்தான் அந்தக் கால் சுற்று. சரியா என்று பார்க்க வீலை வண்டியில் மாட்டி, வால்வு பக்கவாட்டில் வரும்படி நிறுத்திக் கையை எடுங்கள். வால்வின் பாரத்துக்கே வீல் மெல்லச் சுற்றிக் கீழே வந்து ஊஞ்சலாடி நின்றால் சரி.

கிராங்க் மாட்டும்போது அச்சின் நீளமான பக்கம் செயின் பக்கம் வர வேண்டும். கிராங்க் இரண்டும் படுக்கையாக இருக்கும்போது ஒரு பின்னின் நட் மேலே பார்த்தால் மற்றதன் நட் கீழே பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும். பின்னின் சரிந்த முகத்தை அரத்தால் சீராகத் தேய்த்து, நட்டுக்குப் போதுமான மரை வெளியே வரும்படி பொருத்துங்கள். பின்னை உள்ளே இழுப்பது நட்டின் வேலை இல்லை. முட்டுக் கொடுத்துச் சுத்தியால் அடித்து உட்கார வைத்த பிறகு, நட் அதைப் பிடித்து மட்டும் வைக்கும். நட்டாலேயே இழுக்கப் பார்த்தால் மரை அறுந்துவிடும்.

வீல்

பழைய முறையில் முன்வீலுக்கு 32 கம்பி, பின்வீலுக்கு 40. பாரம் பின்னால் என்பதால் அப்படி. புதிதாக வரும் 36 ஓட்டை ரிம்மைப் பழைய ஹப்புக்குப் போட முடியாது. ரிம் வாங்கும் முன் ஹப்பின் ஓட்டையை எண்ணுங்கள். கம்பி பின்னும்போது 40-க்கு நான்கு குறுக்கு, 32-க்கு மூன்று குறுக்கு, அதாவது ஒரு கம்பி அத்தனை கம்பிகளைக் கடக்க வேண்டும்.

ராடு பிரேக் வண்டியில் கோட்டம் எடுப்பதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. இன்றைய சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும், அதனால் இடவல ஆட்டம்தான் முக்கியம். ராடு பிரேக்கில் கட்டை ரிம்மின் உள்முகத்தை, ஹப்பைப் பார்த்த பக்கத்தை, பிடிக்கிறது. ஆகவே மேல்கீழ் குதிப்புதான் இங்கே பகை. வீல் 2 மி.மீ. குதித்தால் பிரேக் ஒரு சுற்றுக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விடும், இறக்கத்தில் ஹேண்டில் உதறும். போர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி, முனையை ரிம்மின் வெளிவிளிம்புக்கு அருகே வைத்துச் சுற்றுங்கள். ரிம் வெளியே தள்ளிய இடத்தில் இருபக்கக் கம்பியையும் சம அளவில் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். உள்ளே போன இடத்தில் தளர்த்துங்கள். குதிப்பு 1 மி.மீ.-க்குள் வந்த பிறகுதான் இடவல ஆட்டத்தைத் தொட வேண்டும். துருவேறிய நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்) திரும்பாவிட்டால் முந்தின இரவு எண்ணெய் ஒரு துளி. வலுக்கட்டாயம் செய்தால் கம்பி முறுக்கிக்கொண்டு உடையும்.

டயர் 28 x 1½. அதன் பக்கத்தில் 635 என்ற எண் இருக்கும். இணையத்தில் "28 அங்குலம்" என்று விற்கும் வெளிநாட்டு டயர் பல 622, இந்த ரிம்மில் ஏறாது. டியூபில் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வால்டியூப் இரண்டு வருடத்தில் பிசுபிசுத்துக் காற்றை விடும். பஞ்சர் தேடித் தண்ணீரில் முக்கும் முன் அதை மாற்றிப் பாருங்கள்.

ராடு பிரேக்

முதலில் நான்கு கட்டைகளும் புதியவை. கட்டையைப் பிடிக்கும் கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும். ரிம் எந்தப் பக்கமாக ஓடுகிறதோ அந்தப் பக்கம் மூடிய முனை வர வேண்டும். மாற்றிப் போட்டால் முதல் இறக்கத்தில் ரப்பர் கழன்று விழும். கட்டைக்கும் ரிம்முக்கும் 3 மி.மீ. இடைவெளி வைத்து, நெம்புகோலை அழுத்தும்போது இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் தொடுகிறதா என்று பாருங்கள். இணைப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு துளி எண்ணெய், ரிம் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் இந்தப் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. ஆரியங்காவிலிருந்து தென்மலைக்குச் சாரலில் இறங்குவதற்கு இது வண்டி இல்லை. பாதுகாப்பு வேண்டுமென்று சாதாரணக் கேபிள் பிரேக்கை மாட்டப் பார்ப்பார்கள். ராடு பிரேக் ரிம்மின் பக்கவாட்டு உருண்டையானது, கட்டை பிடிக்கச் சமதளமே கிடையாது. பிரேக் மாற வேண்டுமென்றால் ரிம்மும் மாற வேண்டும். அதைவிட டிரம் வைத்த முன் ஹப் நல்லது. மழையில் நனையாது, பழைய தோற்றத்தோடும் ஒத்துப்போகும். டிரம்மின் கையைப் போர்க்கோடு பட்டையால் கட்ட மறக்காதீர்கள். கட்டாமல் விட்டால் பிரேக் பிடித்ததும் கை சுழன்று கம்பிகளில் மாட்டும்.

பெயின்ட்: அடிப்பதா, விடுவதா

பழைய கறுப்பில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் அடிக்காதீர்கள். சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகு, அவ்வளவுதான். தங்கக் கோடுகள் பெயின்டின் மேல் மெல்லிய படலமாகத்தான் இருக்கின்றன. கார் பாலிஷ் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் கோடு துணிக்கு வந்துவிடும். மட்கார்டில் கடைக்காரர் ஒட்டிய மலையாள வில்லையோ, சீட் குழாயில் பழைய லைசென்ஸ் தகடோ இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள். இந்த எல்லையில் ஓடிய வண்டி என்பதற்கு அதுதான் அடையாளம்.

அடித்தே ஆக வேண்டுமென்றால் பவுடர் கோட்டிங் வேண்டாம். படலம் தடிமனாக ஏறிக் குழாய் இணைப்புகளின் கூரிய விளிம்பை மழுக்கிவிடும், மரையிலும் அடைக்கும். 120, 240, 400 எண் எமரி வரிசையாகத் தேய்த்து, தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். இங்கே ஈரக்காற்றில் ஒரு இரவிலேயே புதுத்துரு பூத்துவிடும். பிரேம், போர்க், மட்கார்டு, செயின் கவர் அனைத்துக்கும் பிரைமர் கால் லிட்டரும் கறுப்பு எனாமல் அரை லிட்டரும் போதும். மெல்லிய மூன்று பூச்சு. டியூகோ (சீக்கிரம் உலரும் ஸ்ப்ரே பெயின்ட்) அடிப்பதானால் சாரல் மாதங்களைத் தவிருங்கள், ஈரம் கலந்து பால்போல வெளுத்துவிடும். மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். கோடு போட, ஊரில் இன்னும் தூரிகை பிடிக்கும் போர்டு எழுதுகிறவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள். நீளமுடித் தூரிகையில் ஒரே இழுப்பில் வரும் கோட்டுக்கு ஸ்டிக்கர் ஈடாகாது. வில்லையின் ஆணியைக் கழற்றாமல் அதைச் சுற்றி டேப் ஒட்டி அடித்துக்கொள்ளலாம்.

மாட்டும்போது வரிசை முக்கியம். போர்க், பெடல் அச்சு, முழுச் செயின் கவர், அதன் பிறகே வலது கிராங்க். கிராங்க் அடித்து உட்கார்ந்த பிறகு கவர் ஞாபகம் வந்தால் கோட்டர் பின்னிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

பழைய பாகங்களால் அழகும் வசதியும்

கியர்: முன்னால் 44 பல் சக்கரமும் பின்வீலில் 18 பல் ஃப்ரீவீலும் சமதளத்துக்கு நல்ல ஜோடி. புளியரை ஏற்றத்துக்கு முட்டியைக் கேட்கும். 22 பல் ஃப்ரீவீல் போட்டால் மிதி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இலகுவாகும். செலவு குறைந்த மாற்றம் இதுதான், செயினில் மட்டும் ஒன்றிரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். செயினைப் பழையதே போட நினைத்தால் 24 கண்ணியை அளங்கள்: 12 அங்குலம் இருக்க வேண்டும், 12 1/8-ஐத் தொட்டால் மாற்றுங்கள்.

ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏ.டபிள்யூ. வகை 1936-இல் வந்தது, செய்த வருடமும் மாதமும் பெரும்பாலும் கூட்டிலேயே குத்தியிருக்கும். நடு கியர் நேர் ஓட்டம், கீழ் கியர் கால் பங்கு இலகு, மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம். 40 ஓட்டை ஹப்பாகப் பார்த்து வாங்கினால் பழைய ரிம்மிலேயே ஏறும். கிரீஸ் அடைக்காதீர்கள். எண்ணெய்த் துளை வழியாக மெல்லிய எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும், கிரீஸ் போட்டால் உள்ளே கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது கியரில் வைத்து, வலது நட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். சின்னச் சங்கிலி சேரும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். தவறினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மிதி வெற்றாகச் சுழலும். எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி ஆனால் நெஞ்சு ஹேண்டிலில்தான் விழும்.

டைனமோ: 6 வோல்ட், 3 வாட். முன் பல்பு 2.4 வாட், பின் பல்பு 0.6. பெயின்ட் அடித்த வண்டியில் லைட் எரியாவிட்டால் டைனமோவைக் குறை சொல்லாதீர்கள். பழைய முறையில் ஒரு ஒயர்தான், திரும்பும் வழி பிரேமே. புதுப் பெயின்ட் அந்த வழியை அடைத்திருக்கும். டைனமோவைப் பிடிக்கும் பட்டையின் கூர் ஸ்க்ரூ இரும்பைத் தொடும்வரை ஒரு புள்ளி சுரண்டுங்கள், அல்லது இரண்டாவது ஒயர் இழுங்கள். டைனமோவின் நடுக்கோட்டை நீட்டினால் அது ஹப்பின் நடுவில் போய்ச் சேர வேண்டும். விலகினால் டயரின் பக்கத்தை அறுக்கும். பின் பல்பு போனால் முன் பல்புக்கு மின்னழுத்தம் கூடி அதுவும் போகும், இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள். எல்.இ.டி. போட ஆசையென்றால் நடுவில் டையோடு பிரிட்ஜ் வேண்டும், டைனமோ தருவது மாறு மின்னோட்டம்.

தோல் சீட்: புரூக்ஸ் மாதிரி பழைய தோல் கிடைத்தால் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தூர வையுங்கள். வீட்டில் கைக்கெட்டுவது அதுதான், கெடுப்பதும் அதுதான். தோல் ஊறித் தொட்டிலாகத் தொங்கிவிடும். தேன்மெழுகு கலந்த தோல் மெழுகை மேலும் அடியிலும் மெல்லத் தடவி ஒரு நாள் விடுங்கள். முன்மூக்கில் உள்ள இழுவை நட்டை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், உலர்ந்த தோல் ஆணி ஓட்டையில் கிழியும்.

எல்லாம் மாட்டியபின் முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மட்டும். செயினை நடுவில் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும், பின்வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்க வேண்டும். 30 கிலோமீட்டர் ஓடியதும் சுத்தியையும் முட்டுக் குழாயையும் மறுபடி எடுங்கள். கோட்டர் பின் இரண்டும் சற்றே உள்ளே இறங்கியிருக்கும், நட் தளர்ந்திருக்கும். ஒரு தட்டுத் தட்டி, நட்டை இறுக்கிவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.